எல்எஸ் கட்டளையின் விருப்பத்தேர்வுகளைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

லினக்ஸ் டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரையில், கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் (ls) கட்டளைக்கு உதவி வேண்டும் என்று நினைத்து 'எல்எஸ் -எச்' (ls -h) என்று தட்டச்சு செய்பவர்கள் பலர். திரையில் வழக்கமான கோப்புப் பட்டியலே வரும். பிழைச்செய்தி எதுவும் வராது. ஆகவே இந்தக் கட்டளைக்கு உதவிக் குறிப்பே இல்லை என்று முடிவு செய்துவிடுகிறார்கள். உண்மையில் -எச் என்பது கட்டளையின் செயலை மாற்றும் ஒரு விருப்பத்தேர்வு; கோப்பின் அளவைக் கே, எம், ஜி என்ற எளிய அலகுகளில் காட்டச் சொல்வது. அளவைக் காட்டும் -எல் (-l) அல்லது -எஸ் (-s) உடன் சேர்ந்தால் மட்டுமே அதன் விளைவு தெரியும். உதவிக்கு உரியது இரண்டு கோடுகளுடன் வரும் '--ஹெல்ப்' (--help). ஒற்றைக் கோட்டுடன் '-ஹெல்ப்' என்று எழுதினால், நாம் தட்டும் கட்டளையை வாங்கி இயக்கும் ஷெல் என்ற நிரலிலிருந்து அதைப் பெறும் எல்எஸ், எச், இ, எல், பி என நான்கு தனித்தனி விருப்பத்தேர்வுகளாக அதைப் பிரித்துப் படிக்கும். லினக்ஸில் பரவலாக உள்ள க்னூ (GNU) பதிப்பில் 'இ' என்ற தேர்வு இல்லாததால் பிழை காட்டி நின்றுவிடும்.

அடுத்த தவறு, வேறொரு கணினிக்கு எழுதப்பட்ட குறிப்பைத் தன் கணினியில் அப்படியே நம்புவது. எல்எஸ் 1971ஆம் ஆண்டின் முதல் யூனிக்ஸ் கையேட்டிலேயே இடம்பெற்ற கட்டளை என்பதால், அதற்குப் பல வழித்தோன்றல்கள் உண்டு. மேக் கணினியில் இருப்பது பிஎஸ்டி (BSD) என்ற யூனிக்ஸ் கிளையின் மரபைச் சேர்ந்தது. அங்கே பெரிய எழுத்து -ஜி (-G) வண்ணத்தைக் கொண்டுவரும், க்னூ பதிப்பிலோ அதே எழுத்து நீண்ட பட்டியலிலிருந்து குழுவின் பெயரை நீக்கிவிடும். அல்பைன் என்ற லினக்ஸ் வகையில் இருக்கும் பிஸிபாக்ஸ் (BusyBox) பதிப்பில் தேர்வுகளே குறைவு. எந்தக் கணினியில் வேலை செய்கிறோமோ, அதன் கையேட்டையே முதலில் திறந்து பார்க்க வேண்டும்.

கையேட்டைத் திறந்த பிறகும் தவறு நேர்கிறது. 'மேன் எல்எஸ்' (man ls) என்று தட்டினால் வரும் கையேட்டுப் பக்கத்தை முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கிச் சலித்து மூடிவிடுகிறார்கள். சாய்கோட்டை அழுத்தித் தேட வேண்டிய சொல்லைத் தட்டினால் அந்த இடத்துக்கே போகலாம். 'என்' விசை அடுத்த இடத்துக்குக் கொண்டுசெல்லும், 'கியூ' வெளியேற்றும். ஆனால் க்னூவின் அந்தப் பக்கம் அகரவரிசையில் அமைந்திருப்பதால், வரிசைப்படுத்துவது தொடர்பான தேர்வுகள் அங்கும் இங்குமாகச் சிதறிக் கிடக்கும். எழுத்தின் பெயர் தெரியாமல், செய்ய வேண்டிய வேலை மட்டும் தெரிந்திருப்பவருக்கு 'இன்ஃபோ' (info) என்ற மற்றொரு கையேடே மேல் என்பது என் உறுதியான கருத்து. அதில் எந்தக் கோப்புகளைப் பட்டியலிடுவது, எந்தத் தகவலைக் காட்டுவது, எப்படி வரிசைப்படுத்துவது என்று தேர்வுகள் பயன்பாட்டின்படி தொகுக்கப்பட்டுள்ளன. அதைத் திறக்கும் கட்டளை மேன் பக்கத்தின் இறுதியிலேயே தரப்பட்டிருக்கிறது.

மாற்றுப்பெயரை மறப்பதும் குழப்பம் தரும். உபுண்டு என்ற லினக்ஸ் வகையில் 'எல்எல்' (ll) என்பது தனிக் கட்டளை அன்று. எல்எஸ் கட்டளைக்குச் சில தேர்வுகளைச் சேர்த்து வைத்த மாற்றுப்பெயர். அதையே பழகியவர் வேறொரு சர்வரில் நுழையும்போது அது கிடைக்காமல் திகைக்கக்கூடும். 'டைப் எல்எல்' (type ll) என்று கேட்டால், அதன் பின்னால் இருக்கும் உண்மையான கட்டளையை ஷெல்லே சொல்லிவிடும்.

எழுத்தை வைத்துப் பொருளை ஊகிப்பதுதான் இவற்றுள் மிகவும் ஏமாற்றுவது. -சி (-c) என்றதும் கோப்பு உருவான நேரம் என்று எண்ணத் தோன்றும். அது காட்டுவதோ, கோப்பின் உள்ளடக்கமோ உரிமையாளர், அனுமதி போன்ற விவரங்களோ கடைசியாக மாறிய நேரம். பழைய கோப்பு ஒன்றின் அனுமதியை இன்று மாற்றினால், அங்கே இன்றைய தேதியே தெரியும். இதை நம்பிக் காப்புப்பிரதிகளில் எது பழையது என்று தீர்மானிப்பவர் தவறான கோப்பை அழிக்க நேரிடும். அதேபோல் சிறிய -ஆர் (-r) வரிசையைத் தலைகீழாக்கும், பெரிய -ஆர் (-R) உட்கோப்புறைகள் அனைத்துக்குள்ளும் இறங்கும். எல்லாக் கோப்புறைகளுக்கும் மேலே உள்ள வேர்க் கோப்புறையில் நின்று இவற்றை மாற்றித் தட்டிவிட்டால் திரை நிற்காமல் ஓடும், கண்ட்ரோல் விசையுடன் சி விசையை அழுத்தி நிறுத்த வேண்டும்.