நடவுக்குப் போகும் தாயும் பிள்ளையின் பராமரிப்பு உதவித்தொகையும்

மாற்றுத்திறன் குழந்தையை வளர்க்கும் தாய்மார்கள் எங்கள் காவிரிப் படுகை ஊர்களில் முதலில் கேட்கும் கேள்வி, "நான் நடவுக்குப் போனால் பிள்ளைக்கு வரும் பணம் நின்றுவிடுமா?" என்பதுதான். நிற்காது. தமிழக அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை மாதந்தோறும் வழங்கும் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை, குழந்தையின் குறைபாட்டைப் பார்த்துத் தரப்படுவது. தாய் வேலைக்குப் போக வேண்டும் என்றோ போகக்கூடாது என்றோ அதில் நிபந்தனை இல்லை. இந்த அச்சத்தால் விண்ணப்பிக்காமலே இருந்தவர்களையும், விண்ணப்பித்த கையோடு வயல் வேலையை விட்டவர்களையும் நான் அறிவேன்.

அறிவுசார் குறைபாடோ தசைச்சிதைவு நோயோ உள்ளவர்களுக்குக் குறைந்தது 40 விழுக்காடு, கடும் உடல் குறைபாடு உள்ளவர்களுக்குக் குறைந்தது 75 விழுக்காடு பாதிப்பு என்று மருத்துவச் சான்று இருக்க வேண்டும். ஆகவே தொடக்கம் மருத்துவமனையில்தான். தஞ்சாவூர், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலோ மாவட்டத்தில் நடக்கும் முகாம்களிலோ மருத்துவர் மதிப்பிட்ட பிறகு, நாடு முழுவதும் செல்லும் தனித்துவ அடையாள அட்டை கிடைக்கும். பிள்ளைக்கு வலிப்பு வருகிறதா, பேச்சு இல்லையா, பார்வை மங்கலா என்பதை ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். நடக்க முடியவில்லை என்பதை மட்டும் சொல்லிவிட்டு வந்தால் விழுக்காடு குறைந்துபோகும். வளரும் குழந்தைகளுக்குச் சில நேரம் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே சான்று தருவார்கள் என்பதால், அது முடியும் தேதியைச் சுவர் நாட்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள்.

இந்த அலைச்சலுக்கு ஏற்ற காலம், சம்பா அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடக்கும் பங்குனியும் சித்திரையும். மேட்டூர் திறந்து குறுவை தொடங்கிவிட்டால், ஒரு நாள் அலுவலகம் போவது ஒரு நாள் கூலியை இழப்பதாகிவிடும்.

விண்ணப்பத்துக்குத் தேவையான ஆதாரில் ஒரு சிக்கல் உண்டு. என் மகனுக்கு மூளை முடக்குவாதம். கைவிரல்கள் எப்போதும் உள்ளங்கைக்குள் இறுகியே இருக்கும். ஐந்து வயதில் ரேகை பதியப் போன மையத்தில் ஒவ்வொரு விரலாகப் பிரித்துக் கருவியில் அழுத்தினார்கள். கட்டைவிரலை விரித்தால் சுட்டுவிரல் மடங்கியது, அவன் அழத் தொடங்கினான், கடைசியில் "பதியாது, கூட்டிப் போங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். ரேகை பதிய முடியாதவர்களுக்கு விதிவிலக்குப் பதிவு என்ற முறை ஆதாரிலேயே இருக்கிறது என்பது எனக்கு அப்போது தெரியாது. நீங்கள் போகும்போது அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். பிள்ளையை வெந்நீரில் குளிப்பாட்டி, தசை தளர்ந்த நேரத்தில் அழைத்துப் போவதும் உதவும்.

பிள்ளையின் தனித்துவ அடையாள அட்டை, ஆதார், குடும்ப அட்டை, பிள்ளையின் பெயரோடு காப்பாளர் பெயரும் சேர்ந்த வங்கிக் கணக்குப் புத்தகம், புகைப்படம் ஆகியவற்றுடன் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் கேட்கலாம். ஒப்புகைச் சீட்டை வாங்காமல் திரும்பாதீர்கள். பணம் வரத் தொடங்கிய பின்னரும் ஆண்டுதோறும் வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டும். திடீரென்று தொகை நின்றால், வேறு காரணம் தேடுவதற்கு முன் இதைக் கொடுத்தோமா என்று பாருங்கள்.

அடுத்து வரும் சந்தேகம் மகளிர் உரிமைத்தொகை பற்றியது. 2023 செப்டம்பரில் தொடங்கிய அந்த 1,000 ரூபாய் திட்டத்தில், ஓய்வூதியம் பெறுவோர் குடும்பத்துக்கு உள்ள தடை, கடும் குறைபாட்டுக்கான பராமரிப்புத் தொகை பெறுபவர் உள்ள குடும்பத்துக்குப் பொருந்தாது. வருமானம், நிலம் முதலிய மற்றத் தகுதிகள் சரியாக இருந்தால், தாய் அதையும் பெறலாம்.

வேலைக்கு வருவோம். நூறு நாள் வேலை என்று நாம் பழகிய ஊரக வேலையில் நாட்கள் ஆளுக்கல்ல, குடும்பத்துக்கே கணக்கிடப்படுகின்றன. வேலை அட்டையில் கணவர், மாமியார் பெயர்களும் இருந்தால், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நீங்கள் தங்கும் நாளில் அவர்கள் போகலாம். காலையில் ஒரு முறையும் பிற்பகலில் ஒரு முறையும் படம் எடுத்து வருகை பதிவதால், பிள்ளைக்குச் சோறூட்ட வீட்டுக்கு வருபவர்கள் இரண்டாவது படத்துக்குள் திரும்பிவிட வேண்டும். இதைப் பணித்தளப் பொறுப்பாளரிடம் காலையிலேயே சொல்லிவிடுவது நல்லது.

வெளியே போகவே முடியாதவர்களுக்கு ஒன்று: அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளின் தாய்மார்களுக்கு இதே துறை மோட்டார் பொருத்திய தையல் இயந்திரத்தை இலவசமாகத் தருகிறது. தையல் தெரிந்ததற்கான சான்று இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். மத்திய அரசுப் பணியில் இருக்கும் தாய்மார்களுக்குப் பணிக்காலம் முழுவதற்கும் 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. மாற்றுத்திறன் பிள்ளையானால் 18 வயது வரம்பு அதற்கு இல்லை.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதோடு ஒப்புகைச் சீட்டின் நகலையும் இணைத்து, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுக் கொடுத்து, மனு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டியதில்லை. பெற்றோரில் ஒருவர் போனால் போதும்.