வேர் சிகிச்சைக்கு முதன்முறை செல்பவர்களுக்கு: ஊசி போடுவது முதல் கேப் பொருத்துவது வரை

பல் மருத்துவர் எக்ஸ்ரேயைக் காட்டி, “சொத்தை ஆழமாகப் போய்விட்டது, ரூட் கெனால், அதாவது வேர் சிகிச்சை, செய்துவிடலாம்” என்று சொன்னதும், வலிக்குமோ என்ற பயம்தான் பெரும்பாலோருக்கு முதலில் வருகிறது. அந்தப் பயத்தினாலேயே வலி மாத்திரையில் மாதங்களை ஓட்டி, காப்பாற்றியிருக்கக்கூடிய பல்லைக் கடைசியில் பிடுங்கக் கொடுப்பவர்கள் பலர். நாற்காலியில் என்ன நடக்கும் என்பது முன்பே தெரிந்திருந்தால் பயம் பெருமளவு தணியும் என்பதால், ஒவ்வொரு கட்டத்தையும் வரிசையாக எழுதுகிறேன்.

ஏன் தேவைப்படுகிறது?

பல்லின் வெளிப்புறம் எனாமல், அதற்கடியில் டென்டின், அதன் நடுவே நரம்பும் இரத்தக் குழாய்களும் நிறைந்த மென்மையான பல்கூழ் இருக்கின்றன. சொத்தை கூழை எட்டும்போது அது வீங்க முயல்கிறது. ஆனால் சுற்றிலும் கெட்டியான சுவர் இருப்பதால் வீங்க இடமில்லாமல் உள்ளே அழுத்தம் கூடி, சூடான காபி குடித்து வெகுநேரம் ஆன பிறகும் வலி நீடிப்பது, இரவில் படுத்ததும் விண்விண்ணென்று தெறிப்பது போன்ற தொல்லைகள் தொடங்குகின்றன. சிலருக்கு இந்த வலி ஒரு நாள் தானாகவே நின்றுவிடும். அது குணமாகிவிட்டதற்கு அடையாளம் அன்று; கூழ் செத்துவிட்டது என்பதற்கே பெரும்பாலும் அடையாளம். செத்த கூழிலிருந்து தொற்று வேர் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கும்போது, ஈறில் சிறு கொப்புளமோ முகத்தில் வீக்கமோ தோன்றலாம்.

ஆன்டிபயாடிக் மாத்திரை மட்டும் இதைத் தீர்க்காது. இரத்த ஓட்டம் நின்றுபோன கூழுக்குள் மருந்து போய்ச் சேர வழியே இல்லை. கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜினால் சிறிது நேரம் மரத்துப்போகச் செய்யும், அவ்வளவுதான். ஆஸ்பிரின் மாத்திரையையோ புகையிலையையோ வலிக்கும் இடத்தில் அடக்கிக்கொள்வதை அறவே தவிர்க்க வேண்டும். ஆஸ்பிரின் ஈறையும் கன்னத்தின் உட்புறத்தையும் பொசுக்கிப் புண்ணாக்கிவிடும். மேல் வரிசைப் பல்லில் கை வைத்தால் கண் பார்வை குறையும் என்று இன்றும் நம் வீடுகளில் சொல்கிறார்கள். பல்லுக்கு உணர்வு தரும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. இந்தக் காரணத்திற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

முதல் படி: செல்வதற்கு முன்

மருத்துவரே தடுத்திருந்தால் ஒழிய, வெறும் வயிற்றோடு போகாதீர்கள். சிகிச்சைக்குப் பின் சில மணி நேரம் வாய் மரத்திருக்கும் என்பதால் முன்னதாகவே சாப்பிட்டுவிடுவது நல்லது. சர்க்கரை நோயாளிகள் வழக்கமான உணவையும் மருந்தையும் விடக்கூடாது. இரத்த அழுத்தம், இதய வால்வு அறுவை, ஆஸ்துமா, கர்ப்பம், மருந்து ஒவ்வாமை ஆகியவற்றை மறைக்காமல் சொல்லுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைத் தாமாக நிறுத்திவிட்டு வருவது ஆபத்தானது. மாத்திரைச் சீட்டைக் கையோடு கொண்டு போய்க் காட்டினால் போதும்.

இரண்டாம் படி: எந்தப் பல் என்று உறுதி செய்வது

வலி எங்கிருந்து வருகிறது என்பதை நம்மால் பல நேரம் சரியாகச் சொல்ல முடியாது. கீழ்ப் பல்லின் கோளாறு காதில் குத்துவது போலவும், மேல் பல்லின் கோளாறு கன்னத்திலும் தெரியும். ஆகவே மருத்துவர் கண்ணாடிக் கருவியின் கைப்பிடியால் ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்ப்பார், குளிர்ச்சியை வைத்து எவ்வளவு நேரம் கூசுகிறது என்று கேட்பார், எக்ஸ்ரே எடுப்பார். அவசரப்பட்டுத் தலையாட்டாமல் கவனித்துப் பதில் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: மரத்துப்போகும் ஊசி

நம் ஊரில் பொதுவாக 2 சதவீத லிக்னோகெயினுடன் சிறிதளவு அட்ரினலின் கலந்த மருந்தைப் போடுகிறார்கள். ஊசி இறங்கும்போது சுருக்கென்று ஒரு குத்தலும் சில விநாடி அழுத்தமும் இருக்கும். கீழ்க் கடைவாய்ப் பல் என்றால் பாதி உதடும் நாக்கின் ஒரு பக்கமும் தடித்துப்போனதாகத் தோன்றும். அட்ரினலின் காரணமாகச் சிறிது நேரம் நெஞ்சு படபடக்கலாம். பொதுவாக அது தானே அடங்கிவிடும்.

கடுமையான அழற்சி இருக்கும் கீழ்க் கடைவாய்ப் பல் ஒரே ஊசியில் முழுதாக மரத்துப்போகாமல் இருப்பது அரிதன்று. அப்போது வேறு இடத்தில் கூடுதல் ஊசி போட வழியுண்டு. தொடங்குமுன்பே, “வலித்தால் இடது கையைத் தூக்குகிறேன்” என்று மருத்துவரிடம் சொல்லி வைத்துக்கொள்ளுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வதில் யாருக்கும் நன்மையில்லை.

நான்காம் படி: திறந்து சுத்தம் செய்வது

சிகிச்சையின் உயிர்நாடி இதுதான். முதலில், துளையிட்ட மெல்லிய ரப்பர்த் தாளை ஒரு சட்டத்தில் இழுத்து மாட்டி, உங்கள் பல் மட்டும் வெளியே தெரியும்படி ஒரு கிளிப்பால் பொருத்துவார்கள். இதற்கு ரப்பர் டேம் என்று பெயர். 1864இல் நியூயார்க் பல் மருத்துவர் சான்ஃபோர்ட் பார்னம் கொண்டுவந்த இந்த எளிய ஏற்பாடு, எச்சிலில் உள்ள கிருமிகள் பல்லுக்குள் போகாமலும், மருந்தோ கருவியோ தொண்டைக்குள் விழாமலும் தடுக்கிறது. முதலில் மூச்சு முட்டுவது போலிருக்கும். மூக்கால் நிதானமாக மூச்சு விட்டால் பழகிவிடும். எல்லா இடத்திலும் இதைப் போடுவதில்லை. “ரப்பர் டேம் போடுவீர்களா?” என்று பணிவாகக் கேட்பதில் தவறில்லை, நான் கேட்கத்தான் சொல்வேன்.

பிறகு சொத்தையை அகற்றிக் கூழறையைத் திறப்பார்கள். கூழறையிலிருந்து வேருக்குள் கூழ் இறங்கும் மெல்லிய குழாய்தான் கால்வாய். முன்பல்லில் பெரும்பாலும் ஒரே கால்வாய்தான். கீழ் முதல் கடைவாய்ப் பல்லில் 3 அல்லது 4, மேல் முதல் கடைவாய்ப் பல்லில் பெரும்பாலும் 4 கால்வாய்கள் உண்டு. அந்த நான்காவது மிகக் குறுகலாக ஒளிந்திருக்கும் என்பதால் அதைத் தேடுவதற்கே நேரம் பிடிக்கலாம். தவறவிட்டால் பின்னாளில் மறுபடி தொற்று வரக்கூடும். ஆகவே மருத்துவர் மெதுவாகச் செய்தால் சலித்துக்கொள்ள வேண்டாம்.

கால்வாய்க்குள் போய்க் கூழைச் சுரண்டி எடுக்கும் ஃபைல் என்ற மெல்லிய கம்பியில் கடுகளவு ரப்பர் வளையம் ஒன்று இருப்பதைப் பார்க்கலாம். வேரின் நீளத்தை எக்ஸ்ரே மூலமோ, பீப் பீப் என்று ஒலிக்கும் ஒரு சிறு கருவி மூலமோ கண்டறிந்து, எஃகு அளவுகோலில் வைத்து அந்த வளையத்தை மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்தி நிறுத்துகிறார்கள்; ஃபைல் வேர் நுனியைத் தாண்டாமல் இருக்க அதுதான் எல்லைக்கோடு. ஒவ்வொரு ஃபைலுக்கும் பிறகு சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் கழுவுவார்கள். நீச்சல்குளத்து வாடை போல ஒன்று வரும். அந்தக் கரைசல் தொண்டைக்குள் இறங்குவதாகத் தோன்றினால் உடனே கையைத் தூக்குங்கள்.

ஐந்தாம் படி: அடைப்பது

சுத்தமான கால்வாய்களைக் குட்டா பெர்ச்சா என்ற இளஞ்சிவப்புக் குச்சிகளாலும் ஒரு பசையாலும் நிரப்புகிறார்கள். மலேயப் பகுதி மரங்களின் பாலிலிருந்து கிடைக்கும் ரப்பர் போன்ற பொருள் இது. மிஞ்சிய நுனியைச் சூடான கருவியால் வெட்டும்போது லேசான தீய்ந்த வாடையும் புகையும் வரலாம். கருகுவது பல் அன்று.

தொற்று அதிகம் இருந்தால் அன்றே அடைக்காமல், கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்தை உள்ளே வைத்துத் தற்காலிகமாக மூடி, அடுத்த முறை வரச் சொல்வார்கள். மிகுந்த கவனம் தேவைப்படும் இடம் இதுதான். முதல் நாளிலேயே வலி போய்விடுவதால், சரியாகிவிட்டது என்று எண்ணிப் பலர் திரும்பி வருவதே இல்லை. தற்காலிக அடைப்பு சில வாரங்களுக்கானது. அது தேய்ந்து கசியத் தொடங்கியதும் கிருமிகள் மறுபடி உள்ளே குடியேறுகின்றன. பாதியில் விட்ட பல்லை மறுபடி காப்பாற்றுவது கடினம். பணம்தான் தடையென்றால் அதை மருத்துவரிடமே வெளிப்படையாகச் சொல்லுங்கள், அல்லது அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகுங்கள். சென்னையில் உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரியில் வேர் சிகிச்சை செய்யும் துறை உண்டு.

வீட்டுக்கு வந்த பின்

மரப்பு முழுவதும் தெளியும்வரை எதையும் மென்று சாப்பிட வேண்டாம். உதட்டையோ கன்னத்தையோ தெரியாமல் கடித்துக்கொள்ள நேரிடும். குழந்தைகளுக்குச் செய்திருந்தால் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ளுங்கள். சில நாள்களுக்குக் கடிக்கும்போது கன்றிய வலி இருப்பது இயல்பு. மருத்துவர் எழுதித் தந்த வலி மாத்திரையைச் சொன்ன அளவில் சாப்பிட்டு, இட்லி, ரசம் சாதம், தயிர் சாதம் போன்ற மென்மையான உணவை மறுபக்கத்தில் மெல்லுங்கள். முறுக்கு, கடலை, எலும்புக் கடி எல்லாம், பல்லின் மேல் உறை போல மாட்டும் கேப் போடும்வரை கூடாது.

வீக்கம் கண்ணை நோக்கியோ கழுத்தை நோக்கியோ பரவுவது, காய்ச்சல், வாயைத் திறக்க முடியாமை, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் ஆகியவை தோன்றினால் காலைவரை காத்திராமல் அப்போதே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

கேப்

சொத்தையும் சிகிச்சையும் சேர்ந்து பல்லின் பெரும்பகுதியைக் குடைந்துவிடுவதால், கடைவாய்ப் பல் மெல்லும் அழுத்தத்தில் பிளந்துபோக வாய்ப்பு அதிகம். நெடுக்காக வேர்வரை பிளந்தால் பெரும்பாலும் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. எனவே கடைவாய்ப் பல்லுக்குக் கேப் போடுவதைச் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கருதி, தொடங்கும்போதே அதன் செலவையும் சேர்த்துக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உலோகம், உலோகத்தின் மேல் பீங்கான், சிர்கோனியா என்று வகைகள் உண்டு. வெளியே தெரியாத பல்லுக்கு விலை குறைந்த உலோகக் கேப்பே உறுதியாக உழைக்கும். அதிகம் சேதமாகாத முன்பல்லுக்குச் சாதாரண அடைப்பே போதுமானதாக இருக்கலாம்.

கேப் பொருத்திய அன்று, கடிக்கும்போது அது மட்டும் உயரமாக இடித்தால் அங்கேயே சொல்லிச் சரிசெய்து கொள்ளுங்கள். வேர் நுனியில் எலும்பு கரைந்திருந்தவர்களுக்கு அது மீண்டும் நிரம்ப மாதங்கள் ஆகும் என்பதால், 6 மாதமோ ஓராண்டோ கழித்து இன்னொரு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய எக்ஸ்ரே படத்தைப் பத்திரமாக வைத்திருந்து அன்று எடுத்துச் செல்லுங்கள்.