கரீபியன் சமையலை ஃபைன் டைனிங் எனும் உயர்தர உணவகங்களுக்குக் கொண்டுபோக நினைக்கும் தம்பிகளுக்கு

கேட்டரிங் முடித்து மயாமியில் சுற்றுலாக் கப்பல் ஏறும் நம்ம பசங்க, ஒன்றிரண்டு கான்ட்ராக்ட் ஆனதும் கேட்பது இதுதான்: "அண்ணே, ஃப்ரெஞ்சா, இத்தாலியனா, எதில் போனா முன்னுக்கு வரலாம்?" வருஷம் முழுக்கக் கரீபியன் தீவுகளைச் சுற்றிக்கொண்டே இதைக் கேட்கிறார்கள்! காலடியில் இருப்பதைக் கற்றுக்கொள்ளுங்கள் என்பதுதான் என் பதில்.

முதல் பாடம் துறைமுகத்தில். கரையிறங்கக் கிடைக்கும் சில மணி நேரத்தை வைஃபை தேடியே தொலைக்காதீர்கள். செயின்ட் லூசியாவில் சனிக்கிழமை என்றால் காஸ்ட்ரீஸ் சந்தை. கப்பல் பார்படாஸில் வெள்ளிக்கிழமை ராத்திரி நின்றால் ஆய்ஸ்டின்ஸ் மீன் கடைகள். ஜமைக்காவின் ஓச்சோ ரியோஸில் டாக்ஸிக்காரர் எங்கே மதியம் சாப்பிடுகிறாரோ அங்கே போய் உட்காருங்கள். தட்டைவிடச் சட்டியைத்தான் கவனிக்க வேண்டும். கறிப்பொடியை எண்ணெயில் எந்த நிறம் வரை விடுகிறார்கள், முழுசாகப் போட்ட ஸ்காட்ச் பானட் மிளகாயை எப்போது வெளியே எடுக்கிறார்கள் என்று பாருங்கள். இதெல்லாம் ரெசிபி அட்டையில் வராது.

அதற்காக ஃப்ரெஞ்சு, இத்தாலியன் அடிப்படையை விட்டுவிடாதீர்கள். செயின்ட் லூசியாக்காரரான செஃப் நீனா காம்ப்டன் நியூயார்க்கில் புகழ்பெற்ற ஃப்ரெஞ்சு செஃப் டானியல் பூலூவிடம் வேலை பார்த்தார். மயாமியில் ஸ்கார்பெட்டா என்ற இத்தாலிய உணவகத்தின் சமையலறையை நடத்தினார். 2015இல் நியூ ஆர்லியன்ஸில் கொம்பேர் லபான் என்ற தன் உணவகத்தைத் திறந்தபோது, ஆட்டுக்கறியோடு சோறு வைக்காமல் சர்க்கரைவள்ளிக் கிழங்கு ந்யோக்கி (இத்தாலியக் குட்டிக் கொழுக்கட்டை மாதிரி) வைத்தார். கறி கறியாகவே இருந்தது, பக்கத்தில் இருப்பதுதான் மாறியது. 2018இல் அமெரிக்கத் தெற்குப் பகுதியின் சிறந்த செஃப் என்று, அமெரிக்கச் சமையல் உலகின் பெரிய விருதான ஜேம்ஸ் பியர்ட் விருது வாங்கினார். எனக்குத் தெரிந்து இந்த வேலைக்கு அதைவிட நல்ல மாதிரி கிடையாது.

இப்போது அந்த ஆட்டுக்கறிக்கு வருவோம். தோள்பட்டையும் கழுத்தும் வாங்குங்கள், எலும்போடு. தைம், வெங்காயத் தாள், பூண்டு, இஞ்சி, ஜமைக்கா கறிப்பொடி போட்டு ராத்திரி முழுக்க ஊறட்டும். மறுநாள் எண்ணெயில் இன்னும் கொஞ்சம் பொடியைத் தூவி, மஞ்சள் வாசம் போய்ப் பழுப்பு ஏறும்வரை கிண்டுங்கள். நம்ம ஊர் கை இந்த இடத்தில் தயங்கும், கருகிவிட்டதோ என்று. கசப்பு வராத எல்லை வரை துணிந்து போகலாம். பிறகு கறியைப் போட்டுப் புரட்டி, மூழ்கத் தண்ணீர் விட்டு, மிளகாயை முழுசாக மிதக்கவிட்டு, மூடி 150 டிகிரி ஓவனில் இரண்டரை மணி நேரம். மிளகாய் உடையக் கூடாது.

எலும்பைச் சூட்டோடு உருவி, கறியை ட்ரேயில் பரப்பி, மேலே கனம் வைத்து ஃப்ரிட்ஜில் இறுக விட்டால் மறுநாள் நேர்த்தியான துண்டுகளாக வெட்டலாம். சாறை வடிகட்டி ஆறவிட்டால் ஆரஞ்சு நிறக் கொழுப்பு மேலே நிற்கும். ஃப்ரெஞ்சு சமையல் படித்த கை அதை உடனே எடுத்துக் கொட்டும். கொட்டாதீர்கள்! கறியின் வாசம் பாதிக்கு மேல் அதில்தான் இருக்கிறது. சாறைத் தனியாகச் சுண்டவைத்து, பரிமாறும்போது அந்தக் கொழுப்பில் ஒரு டீஸ்பூன் சுற்றி விடுங்கள்.

ஒரு எச்சரிக்கை, நம்ம ஆட்களுக்கு மட்டும். ஜமைக்கா கறிப்பொடியைப் பார்த்ததும், "இது என்ன பொடி, கறிவேப்பிலைகூட இல்லை" என்று திருத்தக் கை பரபரக்கும். திருத்தாதீர்கள். நம்ம கை வாசம் வேண்டும் என்றால் ஃப்ரெஞ்சுக் கரீபியன் தீவுகளான மார்டினிக், குவாதலூப் பக்கம் போங்கள். 1850களில் தொடங்கி பாண்டிச்சேரி, காரைக்கால் வழியாகப் போன கூலித் தொழிலாளர்கள் விட்டுப்போன கொலம்போ மசாலா அங்கே இருக்கிறது: மல்லி, சீரகம், கடுகு, வெந்தயம், மஞ்சள், சில வீடுகளில் வறுத்த அரிசியும் உண்டு. அதைத் தனி டிஷ்ஷாகச் செய்யுங்கள், ஜமைக்காவோடு கலக்காமல்.

மிளகாயைக் குறைக்கச் சொல்லி மேனேஜர் வருவார். உள்ளே இருக்கும் வெள்ளை நரம்பைச் சீவி எடுங்கள். காரத்தில் பெரும்பங்கு அதில், பழ வாசம் சதையில். காரம் இறங்கும், ஸ்காட்ச் பானட் காணாமல் போகாது. குடைமிளகாயைப் போட்டுச் சமாளிக்கும் வேலை வேண்டாம்.

ஜெர்க் என்ற ஜமைக்காவின் மசாலா தடவிச் சுடும் கறிக்கு, நகரத்துச் சமையலறையில் பிமென்டோ (ஆல்ஸ்பைஸ் மரம்) விறகு கிடைக்காது. ஆல்ஸ்பைஸ் காய்களை ஊறவைத்துக் கரி மேல் போட்டால் கிட்டத்தட்ட அந்தப் புகை வரும். ஜமைக்காக்காரர்கள் சமைத்துச் சாப்பிடும் அக்கி பழம் மரத்திலேயே தானாக வாய் திறந்திருக்க வேண்டும், பழுக்காதது விஷம். ஆகவே டின்னில் வருவதையே வாங்குங்கள். கடைசியில் சேர்த்து ஒரே புரட்டு, இல்லாவிட்டால் குழைந்துவிடும்.

மெனுவில் பெயரை மழுப்பாதீர்கள். செஃப் க்வாமே ஒன்வுவாச்சி, நியூயார்க்கின் பெரிய உணவகங்களான பெர் ஸேயிலும் இலெவன் மேடிஸன் பார்க்கிலும் வேலை பார்த்தவர். 2022இல் அதே ஊரின் லிங்கன் சென்டரில் டாட்டியானா என்ற உணவகத்தைத் திறந்தபோது மெனுவில் ஆக்ஸ்டெயில் (மாட்டு வால்) என்றே போட்டார், ஆட்டுக்கறி 'பேட்டி' (உள்ளே கறி வைத்த பஃப்) என்றே போட்டார். நீங்களும் "கறி கோட்" (curry goat) என்றே எழுதுங்கள். வாத்துக்கு முணுமுணுக்காமல் பணம் கொடுக்கும் விருந்தாளி ஆட்டுக்கு இவ்வளவா என்பார். அதற்காக விலையை இறக்க வேண்டாம். எலும்போடு வாங்கினால் எடையில் எவ்வளவு போகிறது, ராத்திரி ஊறல், இரண்டரை மணி நேர ஓவன், மறுநாள் வரை இறுக விடுவது, எல்லாவற்றையும் காஸ்டிங் ஷீட்டில் (செலவுக் கணக்குத் தாளில்) எழுதி மேனேஜர் கையில் கொடுங்கள். சர்வீஸ் தொடங்கும் முன் வெயிட்டர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு வாய் ஊட்டிவிடுங்கள். சாப்பிட்டவர்கள்தான் அந்த விலையைக் கூசாமல் சொல்வார்கள்.