வெளிநாட்டில் கார் ஓட்டப் போகிறீர்களா? டோலில் இதையெல்லாம் செய்யாதீர்கள்

வெளிநாட்டில் வாடகைக் கார் எடுக்கிறவர்கள் இடப்பக்கமா வலப்பக்கமா, பார்க்கிங் எங்கே என்று ஆயிரம் யோசிப்பார்கள். டோல் மட்டும் யார் நினைவுக்கும் வராது, ஊர் திரும்பியபின் கார்டில் பணம் பிடித்ததைப் பார்க்கும்வரை.

பெரிய தவறு, டோல் என்றால் எங்கேயாவது கேட் வந்து நம்மை நிறுத்தும் என்று நம்பிப் போவதுதான். லண்டனுக்குக் கிழக்கே தேம்ஸைக் கடக்கும் டார்ட்ஃபோர்டு கிராசிங்கில் 2014-லேயே கேட்டை எடுத்துவிட்டார்கள். கேமரா நம்பர் பிளேட்டைப் படம் பிடித்துக்கொள்ளும், மறுநாள் நள்ளிரவுக்குள் நாமாகவே ஆன்லைனில் கட்டிவிட வேண்டும், மறந்தால் 70 பவுண்டு அபராதம் (14 நாளுக்குள் கட்டினால் பாதி). டப்ளினைச் சுற்றிப் போகும் எம்50 சாலையில் கெடு மறுநாள் இரவு 8 மணி. பாரிஸிலிருந்து நார்மண்டி போகும் ஏ13-இல் 72 மணி நேரம். 'பில் வரட்டும், கட்டிக்கொள்ளலாம்' என்று காத்திருந்தால் வருவது அபராதக் கடிதம்தான்.

அதுவும் நேராக நம்மிடம் வராது. வண்டி வாடகை நிறுவனத்தின் பெயரில் இருப்பதால் முதலில் அவர்களுக்குப் போகும், அவர்கள் நம் முகவரியை எழுதிக் கொடுத்ததற்கே ஒரு தொகையை நம் கார்டில் பிடித்துக்கொள்வார்கள், அபராதம் தனி. அமெரிக்காவில் இன்னொரு சங்கதி உண்டு: பல வாடகைக் கார்களின் முன்கண்ணாடியில் ஒரு சின்னப் பெட்டி ஒட்டியிருக்கும், மூடியைத் திறந்தால் உள்ளே இருக்கும் டேக் வேலை செய்ய ஆரம்பித்துவிடும். ஒரே ஒரு டோலைக் கடந்ததற்கு, வண்டி நம்மிடம் இருந்த எல்லா நாளுக்கும் சேவைக் கட்டணம் போடுகிற நிறுவனங்களும் இருக்கின்றன. கோல்டன் கேட் பாலத்தில் 2013-இலிருந்தே ரொக்கம் வாங்குவதில்லை என்பதால், 'கையில் காசு இருக்கிறதே' என்பதும் உதவாது. சாவி வாங்கும்போதே கேளுங்கள்: டோலுக்கு எப்படிப் பணம் பிடிப்பீர்கள், நானே கட்டினால் ஏற்பீர்களா? கூச்சப்பட வேண்டாம், கவுன்ட்டரில் அவர்களாகச் சொல்வது அபூர்வம்.

ஐரோப்பாவில் சில நாடுகளில் டோல்கேட்டுக்குப் பதில் விக்னெட், அதாவது நெடுஞ்சாலையில் ஓட்ட முன்கூட்டியே வாங்கும் அனுமதி, ஸ்டிக்கராகவோ ஆன்லைனிலோ. சுவிட்சர்லாந்தில் 40 ஃபிராங்க், ஒரு வருடத்துக்கானது மட்டுமே உண்டு, அரை நாள் ஓட்டினாலும் அதேதான். 'அரை நாளுக்கு எதற்கு' என்று வாங்காமல் போய் மாட்டினால் 200 ஃபிராங்க் அபராதம், அப்புறம் விக்னெட்டும் வாங்கியாக வேண்டும். ஆஸ்திரியாவில் குறைந்த நாட்களுக்கும் கிடைக்கிறது, ஆனால் பிரென்னர் நெடுஞ்சாலைக்கு அது செல்லாது, தனியாகக் கட்ட வேண்டும். ஸ்டிக்கர் வாங்கினால் கண்ணாடியில் ஒட்டுங்கள், டாஷ்போர்டில் கிடந்தால் வாங்காததற்குச் சமம். ஆன்லைனில் வாங்கும்போது நம்பர் பிளேட்டில் பூஜ்யத்துக்குப் பதில் ஓ என்று அடித்துவிட்டால் அது யாரோ ஒருவருடைய வண்டிக்கான விக்னெட். கூகுளில் முதலில் வரும் தளம் அரசுத் தளமாகத்தான் இருக்கும் என்றும் நினைத்துவிடாதீர்கள், கூடுதல் விலைக்கு விற்கும் இடைத்தரகர்கள் நிறைய.

இத்தாலியில் கேட் இருக்கிறது, அங்கே பிரச்சினை லேன். மஞ்சள் பலகை டெலிபாஸ் (அந்த ஊர் டோல் டேக்) வைத்திருப்பவர்களுக்கு, நீலம் கார்டுக்கு, வெள்ளை ரொக்கத்துக்கு. தவறான லேனில் நுழைந்துவிட்டால் பதறி ரிவர்ஸ் மட்டும் எடுக்காதீர்கள், ஆபத்து, அபராதமும் பலமாக விழும். உதவி பட்டனை அழுத்தினால் ஒரு சீட்டு வரும், 15 நாளுக்குள் கட்டலாம். நுழையும்போது எடுத்த டிக்கெட்டைத் தொலைத்தால் ஆகத் தொலைவான நுழைவாயிலிலிருந்து வந்ததாகக் கணக்குப் போடுவார்கள், எனவே அதை பெட்ரோல் பில்லோடு கலந்து வைக்க வேண்டாம். மலேசியாவில் டச் என் கோ கார்டு என்றால் உள்ளே தட்டிய அதே கார்டைத்தான் வெளியேறும்போதும் தட்ட வேண்டும். பணம் முன்பே ஏற்றிக்கொள்ளுங்கள்.

ஆன்லைனில் கட்டிய ரசீதை எல்லாம் சில மாதம் வைத்திருங்கள், கடிதங்கள் தாமதமாகத்தான் வரும். 'டோல் பாக்கி இருக்கிறது, உடனே கட்டவும்' என்று லிங்கோடு எஸ்எம்எஸ் வந்தால் தொடாதீர்கள், அமெரிக்காவில் இந்த மோசடி பற்றி 2024-இல் எஃப்பிஐயே எச்சரித்தது. சந்தேகமாக இருந்தால் அந்தச் சாலையின் அதிகாரப்பூர்வ தளத்துக்கு நேராகப் போய் நம்பர் பிளேட்டைப் போட்டுப் பாருங்கள்.