பழைய திரையை மாற்றும் முன் அதில் ஒட்டிய சீட்டைப் படியுங்கள்

தொழிற்சாலை மென்பொருளின் திரையைப் புதிதாக வடிவமைக்கப் போகிறீர்களா? முதலில் ஒரு முழு ஷிப்ட் ஆபரேட்டரின் பக்கத்தில் நில்லுங்கள், முடிந்தால் நைட் ஷிப்டில். மானிட்டர் ஓரத்தில் செல்லோடேப் போட்டு ஒட்டிய சீட்டுகளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். "எஃப்7, நம்பர் போட்டு எஃப்3" என்று பேனாவில் எழுதியிருந்தால், பழைய திரை எங்கே கைவிட்டது என்று அங்கேயே தெரிந்துவிடும். கீபோர்டில் எழுத்து தேய்ந்துபோன பட்டன்களையும் பாருங்கள். அந்தக் குறுக்குவழிகளைப் புதியதிலும் அப்படியே வையுங்கள். பத்து வருடம் விரலில் ஊறிய பழக்கத்தைப் பறிப்பது அநியாயம்.

பின்னணி வெளிர் சாம்பலாக இருக்கட்டும். பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும் அலாரத்துக்கு மட்டும். சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாதவர்களும் இருப்பார்கள் என்பதால் கூடவே ஒரு வடிவமும் வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய அளவுகளை வெவ்வேறு திரைகளில் பிரிக்கவே பிரிக்காதீர்கள். 2005 மார்ச்சில் அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வெடித்து 15 பேர் இறந்தார்கள். அங்கே திரவத்தைப் பிரித்தெடுக்கும் கோபுரத்துக்குள் போகும் திரவத்தின் அளவும் வெளியேறும் அளவும் வெவ்வேறு திரைகளில் இருந்ததை விசாரணை அறிக்கை குறையாகச் சுட்டியது.

டச் ஸ்கிரீன் என்றால், ஆபரேட்டரின் கையுறையை வாங்கிப் போட்டு அழுத்திப் பார்த்த பிறகே பட்டன் அளவை முடிவு செய்யுங்கள்.