டிஜே புக்கிங் அக்ரிமெண்ட்டுல என்னென்ன எழுதணும்? புதுசா தொழிலுக்கு வர்றவங்களுக்கு

மதுரை சுத்துவட்டாரத்துல டிஜே புக்கிங் முக்காவாசி போன்லயே முடிஞ்சிருது. "தம்பி, 12ஆம் தேதி ஃப்ரீயா இருக்கீங்களா, எம்புட்டு வாங்குவீங்க"ன்னு கேப்பாங்க, நாம ஒரு ரேட்டு சொல்வோம், ஜிபேல கொஞ்சம் அட்வான்ஸ் வரும், அம்புட்டுதான். விசேஷம் நல்லபடியா முடிஞ்சா இதுவே போதும். ஆனா விசேஷ ராத்திரியில ஒரு பிரச்சனைன்னு வந்தா யாரும் உக்காந்து நிதானமா பேசுற நிலைமையில இருக்க மாட்டாங்க. அப்பா மொய் டேபிள்ல இருப்பாரு, மாப்ளை மேடையில நிப்பாரு, மாமா பந்தியில இருப்பாரு, நம்மகிட்ட வந்து சத்தம் போடுறது நம்மளை புக் பண்ணவே செய்யாத யாரோ ஒருத்தரா இருக்கும். அன்னைக்குப் பேச முடியாத அத்தனையும் முன்கூட்டியே பேசி எழுதி வச்சிக்கத்தான் இந்த அக்ரிமெண்ட். ஒரு பக்கம், மிஞ்சிப்போனா ரெண்டு பக்கம், தமிழ்ல எழுதுங்க, வீட்டுப் பெரியவரு படிச்சுப் பாத்துட்டு கையெழுத்துப் போடுற மாதிரி.

"ஏன் தம்பி, எங்க மேல நம்பிக்கை இல்லையா"ன்னு கேக்கத்தான் செய்வாங்க. கோவப்படாதீங்க, "அண்ணே, மண்டபத்துக்காரரு ரசீது குடுக்குறாரு, சமையல்காரரு லிஸ்ட் எழுதிக் குடுக்குறாரு, அதே மாதிரிதாண்ணே இதுவும், நாளைக்கு நான் ஒரு லைட்டைக் குறைச்சு கொண்டாந்தா நீங்க என்னைக் கேக்கலாம்ல"ன்னு சொல்லிப் பாருங்க. அது அவங்களுக்கும் பாதுகாப்புன்னு புரிஞ்சிட்டா யாரும் மறுக்க மாட்டாங்க.

ஸ்டெப் 1: யாரு புக் பண்றது, யாரு காசு தர்றது

நம்ம ஊர்ல இந்த ரெண்டும் பெரும்பாலும் ஒரே ஆளா இருக்காது. புக் பண்றது மாப்ளையோட தம்பி, காலேஜ் படிக்கிற பையன், காசு தர்றது அப்பாவோ தாய்மாமனோ. 18 வயசு ஆகாதவங்க போடுற ஒப்பந்தம் 1872ஆம் வருஷ இந்திய ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது, அதனால பையன் எவ்வளவு விவரமா பேசினாலும் கையெழுத்து காசு தர்ற பெரியவர்கிட்டத்தான் வாங்கணும். அவரு பேரு, முழு அட்ரஸ், போன் நம்பர்.

இதோட இன்னொரு வரி கண்டிப்பா வேணும், அன்னைக்கு நம்மகிட்ட பேசப்போற ஒரே ஒரு ஆளு யாருன்னு. சத்தத்தைக் குறைங்கன்னு பெரியப்பா வருவாரு, கூட்டுங்கன்னு மாப்ளை ஃப்ரெண்ட்ஸ் வருவாங்க, நிப்பாட்டுங்கன்னு ஐயர் சொல்வாரு, நாம யார் பேச்சைக் கேக்குறது? இப்படி எழுதிருங்க: "நிகழ்ச்சி நடைபெறும் நேரத்தில் பாடல், ஒலி அளவு, நேர மாற்றம் ஆகியவை குறித்து கீழே குறிப்பிட்டுள்ள நபர் சொல்வதை மட்டுமே டிஜே குழு ஏற்கும்." கீழ ஒரு பேரு, ஒரு நம்பர். என்னைக் கேட்டா அக்ரிமெண்ட்லயே ரொம்ப உதவுற வரி இதுதான்.

ஸ்டெப் 2: தேதி, இடம், நேரம்

தேதியில என்ன குழப்பம் வரப்போகுதுன்னு நினைக்காதீங்க. பத்திரிகையில பெருசா போட்டிருக்கிறது முகூர்த்த தேதி, ரிசப்ஷன் அதுக்கு மொத நாள் சாயங்காலம், போன்ல பேசுறவங்க முகூர்த்த தேதியைச் சொல்லிட்டுப் போயிருவாங்க. அதனால இங்கிலீஷ் தேதி, கிழமை, தமிழ் தேதி மூணையும் எழுதி பக்கத்துலயே "முகூர்த்தத்திற்கு முந்தைய நாள் மாலை வரவேற்பு"ன்னு சேத்துருங்க.

மண்டபம் பேரு மட்டும் போட்டா பத்தாது, ஒரே சாமி பேர்ல திருப்பரங்குன்றத்துல ஒண்ணு, மேலூர் ரோட்டுல ஒண்ணுன்னு இருக்கும். தெரு, ஏரியா, ஹால் எந்த மாடி, லிஃப்ட் இருக்கா, சாமான் ஏத்துற குட்டி யானை வண்டி எதுவரைக்கும் உள்ள போகும், இதையெல்லாம் கேட்டு எழுதுங்க. ரெண்டாவது மாடிக்கு சப் ஸ்பீக்கரை, அதான் பாஸ் சத்தத்துக்கான கனமான பெட்டியை, தூக்கணும்னா லோடிங் கூலியே வேற கணக்கு.

நேரம் நாலு எழுதணும்: ஹாலை எப்ப நம்ம கையில குடுப்பாங்க, எப்ப சவுண்ட் செக், எப்ப ஆரம்பம், எப்ப முடிவு. காதணி விழா, வசந்த விழான்னா மாமன் சீர் வர்ற வரைக்கும் எதுவும் ஆரம்பிக்காது, சீர் ஆறரைக்கு வரும்பாங்க, தெருவுல வெடி போட்டு மேளத்தோட ஆடி வந்து சேர எட்டு ஆயிரும். நாம செட் போட்டுட்டு சும்மா நிப்போம், கடைசியில "லேட்டாத்தான ஆரம்பிச்சீங்க, இன்னும் ரெண்டு மணி நேரம் போடுங்க"ம்பாங்க. அதுக்கு ஒரு வரி: "குறிப்பிட்ட நேரத்தில் குழு தயாராக இருந்தால், நிகழ்ச்சி தாமதமாகத் தொடங்கினாலும் முடியும் நேரம் மாறாது."

ராத்திரி 10 மணி விஷயம் இன்னும் முக்கியம். 2000ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகள்படி ராத்திரி 10ல இருந்து காலையில 6 வரைக்கும் திறந்தவெளியில ஸ்பீக்கர் போடக் கூடாது. நாலு பக்கமும் மூடின ஹாலுக்குள்ள போடலாம், ஆனா அங்கயும் வெளிய போற சத்தத்துக்கு அளவு இருக்கு, குடியிருப்புப் பகுதிக்கு பகல்ல 55 டெசிபல், ராத்திரி 45, தனியார் இடத்தோட எல்லையில அதைவிட 5 டெசிபலுக்கு மேல தாண்டக் கூடாது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டைச் சுத்தி 100 மீட்டர் வரைக்கும் அரசு அறிவிச்ச இடம் அமைதிப் பகுதி, கோரிப்பாளையத்துல பெரியாஸ்பத்திரி பக்கம் புக்கிங் வந்தா இதை யோசிச்சுட்டே ஒத்துக்கங்க. தெருவுல பந்தல் போட்டு நடக்குற விசேஷத்துக்கு ஸ்பீக்கர் வைக்க எழுத்துல அனுமதி வேணும், அதை வாங்குறது வீட்டுக்காரங்க பொறுப்புன்னு எழுதணும். போலீஸ் வந்து நிப்பாட்டச் சொன்னா அந்த நிமிஷமே நிப்பாட்டுவோம், அதுக்காகப் பேசின காசு குறையாதுன்னும் எழுதணும். பிடிச்சிட்டுப் போனா போறது நம்ம ஆம்ப்ளிஃபையர்தான்.

ஸ்டெப் 3: என்ன கொண்டு வர்றோம், என்ன கொண்டு வரல

"டிஜே வித் லைட்டிங்"னு ஒத்தை வரியில எழுதிட்டு வந்தீங்கன்னா, இன்ஸ்டாவுல பாத்த எல்இடி வால், கோல்ட் பைரோங்குற தீப்பொறி மெஷின், புகை எல்லாம் அதுக்குள்ள இருக்குன்னு அவங்க நினைச்சுக்குவாங்க. டாப் ஸ்பீக்கர் எத்தனை, சப் எத்தனை, கலர் அடிக்கிற பார் லைட் எத்தனை, சுத்திச் சுத்தி அடிக்கிற மூவிங் ஹெட் லைட் எத்தனை, கார்ட்லெஸ் மைக் எத்தனை, கூட வர்ற ஆளுங்க எத்தனை பேரு, ஒண்ணொண்ணா எண்ணிக்கை போடுங்க. அதுக்குக் கீழயே "இதில் அடங்காதவை"ன்னு ஒரு லிஸ்ட். மாப்ளை அழைப்புக்கு வண்டியில கட்டுற சவுண்ட், நாதஸ்வரத்துக்கு வைக்கிற மைக், லைட் மியூசிக்காரங்களுக்கு நம்ம ஸ்பீக்கர்ல லைன் குடுக்குறது, இது மூணையும் அன்னைக்கு வந்துதான் கேப்பாங்க, அதனால ஒவ்வொண்ணுக்கும் தனி ரேட்டு போட்டு வச்சிருங்க.

ஸ்டெப் 4: கரண்ட்டு

புதுசா வர்றவங்க பெரும்பாலும் விட்டுட்டுப் போற இடம் இதான். ஒரு கணக்கு சொல்றேன். உங்க மொத்த செட்டும் 6000 வாட்ஸ் இழுக்குதுன்னு வச்சுக்கங்க, 230 வோல்ட்டுல அது ஏறத்தாழ 26 ஆம்ப்ஸ். மண்டபத்துல மேடை ஓரம் இருக்குற 15 ஆம்ப்ஸ் பாயிண்ட் ஒண்ணு 3450 வாட்ஸ்தான் தாங்கும், அதுலயும் டெக்கரேஷன்காரரு ஏற்கனவே சீரியல் லைட்டை மாட்டியிருப்பாரு. முதல் பாட்டுக்கு பாஸ் அடிச்சதும் ட்ரிப் ஆகி மேடை மொத்தமும் இருட்டாயிரும், பழி நம்ம மேலதான் விழும். ஸ்பீக்கர் மேல எழுதியிருக்குற வாட்ஸை வச்சுக் கணக்குப் போடாதீங்க, ஆம்ப்ளிஃபையர், லைட்டு ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ஸ்டிக்கர்ல எவ்வளவு கரண்ட் இழுக்கும்னு இருக்கும், அதைக் கூட்டுங்க.

அக்ரிமெண்ட்ல எழுத வேண்டியது இப்படி: "டிஜே மேடையிலிருந்து 10 அடிக்குள், வேறு யாரும் பயன்படுத்தாத, எர்த் இணைப்புள்ள 15 ஆம்ப்ஸ் மின் இணைப்புகள் மூன்று தேவை. மின்சாரம் தடைபட்டால் ஜெனரேட்டர் வசதி செய்து தருவது வாடிக்கையாளர் பொறுப்பு." எர்த்ங்குற வார்த்தையை மறந்துராதீங்க, எர்த் இல்லாத பாயிண்ட்டுல மைக்கைப் பிடிச்ச பாட்டிக்கு ஷாக் அடிக்கலாம், உயிர் விஷயம் இது. ஊருக்குள்ள பந்தல் விசேஷம்னா கம்பத்துல கொக்கி போட்டு எடுக்குற கரண்ட்டுல செட்டை ஓட்ட மாட்டோம்னே எழுதுங்க, 10 கேவிஏ ஜெனரேட்டர் ஒண்ணு அவங்க ஏற்பாடு பண்ணணும், இல்லன்னா நாமளே வாடகைக்கு எடுத்துட்டு அதைத் தனியா பில்லுல சேக்கணும். லேப்டாப்புக்கும் மிக்ஸருக்கும் சின்னதா ஒரு யுபிஎஸ் நீங்களே வச்சிக்கங்க, இபி போயி ஜெனரேட்டர் எடுக்குற அந்த கேப்ல எல்லாம் ரீஸ்டார்ட் ஆகாம இருக்கும்.

ஸ்டெப் 5: காசு

மொத்தத் தொகையை எண்ணாலயும் எழுத்தாலயும் போடுங்க. உதாரணத்துக்கு மொத்தம் 30,000னா, தேதியைப் பிடிச்சு வைக்க 10,000 அட்வான்ஸ், விசேஷத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி 10,000, மீதி 10,000 செட் போட்டு சவுண்ட் செக் முடிஞ்சதும், பாட்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி. விசேஷம் முடிஞ்சப்புறம் வாங்கிக்கலாம்னு விட்டா "மொய்யை எண்ணிட்டுத் தர்றேன் தம்பி"ம்பாங்க, மொய்ப்பணம் பைக்குள்ள போயி சாவி அத்தை இடுப்புக்குப் போயிரும், நீங்க ராத்திரி பன்னெண்டு மணிக்கு லோடு ஏத்திட்டு காலியான மண்டபத்துல நிப்பீங்க. கெட்ட எண்ணத்துல யாரும் பண்றதில்ல, அந்த நேரத்துல அவங்களுக்கு ஆயிரம் வேலை. அதனாலதான் முன்னாடியே.

கூடுதல் நேரத்துக்கு மணிக்கு எவ்வளவு, உசிலம்பட்டி, வாடிப்பட்டி, மேலூர் தாண்டிப் போனா வண்டி வாடகை எவ்வளவு, இதுவும் வேணும். ஜிஎஸ்டி, வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினா பதிவு பண்ணியாகணும், பதிவு பண்ணினவங்க தொகை வரி சேத்தா சேக்காமலான்னு தெளிவா எழுதுங்க. அப்புறம் பசங்களுக்கு சாப்பாடு. நம்ம ஊர்ல சாப்பிடாம யாரையும் அனுப்ப மாட்டாங்க, ஆனா நாம கையைக் கழுவிட்டுப் போகும்போது கடைசிப் பந்தி முடிஞ்சு அண்டாவைக் கழுவிட்டு இருப்பாங்க. "குழுவினர் நான்கு பேருக்கு இரவு 9 மணிக்குள் உணவு"ன்னு எழுதுறதுல ஒரு தப்பும் இல்ல.

ஸ்டெப் 6: கேன்சல், தள்ளிப்போறது

ஆடி, மார்கழியில கல்யாணம் கிடையாது, ஆவணி, தை, வைகாசியில நல்ல முகூர்த்தம் கொஞ்சம்தான், அந்த ஒரு நாள் கைவிட்டுப் போச்சுன்னா கடைசி நேரத்துல வேற பார்ட்டி கிடைக்காது. ஒரு மாசத்துக்கு முன்னாடி கேன்சல்னா அட்வான்ஸ்ல பாதி திரும்ப, 15 நாளைக்குள்ளன்னா அட்வான்ஸ் திரும்பாது, இந்த மாதிரி படிப்படியா வைங்க. கேன்சல் பண்ணினா ரெண்டு மடங்கு அபராதம்னு எல்லாம் எழுதி வைக்காதீங்க, ஒப்பந்தச் சட்டத்தோட 74ஆவது பிரிவுப்படி நீங்க எழுதின தொகைக்குள்ள நியாயமான அளவு இழப்பீடுதான் கோர்ட்டுல கிடைக்கும்.

வீட்டுல ஒரு பெரிய காரியம் ஆயிருச்சுன்னா தேதி தள்ளிப்போகும், அந்த நேரத்துல போன் போட்டு காசு பேசுறது மனுஷத்தனம் இல்ல. "குடும்பத்தில் மரணம் நேர்ந்தால் ஆறு மாதத்திற்குள் வேறு ஒரு தேதிக்கு முன்பணம் மாற்றித் தரப்படும்"னு நீங்களாவே எழுதிருங்க. நம்ம பக்கமும் வேணும்ல, உங்களுக்கு உடம்பு சரியில்லன்னா அதே தரத்துல வேற டிஜேயை அனுப்புவீங்க, முடியலன்னா வாங்கின மொத்தத்தையும் திருப்பித் தருவீங்கன்னு எழுதுங்க. ரெண்டு பக்கமும் சமமா இருந்தாத்தான் அந்தப் பேப்பருக்கு மதிப்பு.

ஸ்டெப் 7: பாட்டு

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லணும். நம்ம பக்கத்துல சாதிப் பெருமை பேசுற பாட்டைப் போடச் சொல்லி கேப்பாங்க, ஒரு தடவை போட்டா இன்னொரு கூட்டம் அவங்க பாட்டைக் கேக்கும், அப்புறம் சேர் பறக்கும், அதுக்கப்புறம் அது ஊர்ப் பிரச்சனை. விசேஷ வீட்டுல கண்ணீரோட முடியுற ராத்திரிக்கு நாம காரணமா இருக்கக் கூடாது. "சாதி, மதம், கட்சி சார்ந்த பாடல்கள் எக்காரணம் கொண்டும் ஒலிபரப்பப்படாது"ன்னு தடிச்ச எழுத்துல போடுங்க, கையெழுத்து வாங்கும்போது அதை வாய் விட்டுப் படிச்சும் காட்டுங்க. அன்னைக்கு யாராவது வந்து நின்னா "அண்ணே, வீட்டுப் பெரியவரு கையெழுத்துப் போட்டிருக்காரு"ன்னு சொல்ல உங்களுக்கு ஒரு பிடி இருக்கும். அடிதடி ஆனா, இல்ல குழுவுல இருக்குற பசங்க மேல கை வச்சா, நிகழ்ச்சியை நிறுத்திட்டுக் கிளம்புற உரிமையும் இதுலயே வரணும்.

காப்பிரைட் விஷயம் சுருக்கமா. கல்யாணத்துக்கும் அது சார்ந்த கொண்டாட்டத்துக்கும் 1957ஆம் வருஷ காப்பிரைட் சட்டத்துல 52ஆவது பிரிவுல விலக்கு இருக்கு. ஓட்டல் நியூ இயர் பார்ட்டி, கம்பெனி ஃபங்ஷன், டிக்கெட் போடுற நிகழ்ச்சி எல்லாம் அதுல வராது, பாட்டு உரிமைக்கு லைசென்ஸ் குடுக்குற பிபிஎல், ஐபிஆர்எஸ் மாதிரி அமைப்புகள்கிட்ட லைசென்ஸ் எடுக்கணும், அது நடத்துறவங்க செலவு, அவங்க பொறுப்புன்னு எழுதுங்க.

ஸ்டெப் 8: சேதம், வீடியோ

ஜூஸைக் கொட்டினாலோ ஸ்பீக்கர் மேல ஏறி ஆடினாலோ ரிப்பேர் செலவு வீட்டுக்காரங்களோடது. நாம பாட்டுப் போடுற கன்சோல் பக்கம் குழு தவிர யாரும் வரக் கூடாது. நாம எடுக்குற வீடியோவை ரீல்ஸ் போடலாமான்னு ஆமா, இல்லைன்னு டிக் அடிக்கிற மாதிரி ஒரு கட்டம் வைங்க, பூப்புனித விழான்னா பொண்ணு சின்னப் புள்ள, அப்பா அம்மா எழுத்துல சம்மதிக்காம முகம் தெரியுற ஒரு நொடி கூட போட வேண்டாம்.

ஸ்டெப் 9: கையெழுத்து

ரெண்டு காப்பி, எல்லாப் பக்கத்துலயும் ரெண்டு பேரு கையெழுத்து, தேதி. முத்திரைத்தாள்ல போட்டா நல்லது, முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை கோர்ட்டுல சாட்சியா வைக்கப் போனா வரியும் அபராதமும் கட்டச் சொல்வாங்க, எத்தனை ரூபா பத்திரம்னு முத்திரைத்தாள் விக்கிறவர்கிட்டயே கேட்டுக்கங்க. வெளியூர்ப் பார்ட்டின்னா பிடிஎஃப்பா வாட்ஸாப்ல அனுப்பி "படித்தேன், சம்மதம்"னு பதில் வாங்குங்க, எலக்ட்ரானிக் முறையில போடுற ஒப்பந்தத்தையும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் ஏத்துக்குது, அந்த சாட்டை மட்டும் அழிச்சிராதீங்க.

விசேஷத்துக்கு மூணு நாள் முன்னாடி அந்தப் பேப்பரைக் கையில வச்சிக்கிட்டு வீட்டுக்கு ஒரு போன், நேரம், ரெண்டாவது தவணை, அன்னைக்குப் பேசப்போற ஆளு, எல்லாம் அதேதானான்னு ஒவ்வொண்ணா படிச்சுக் கேளுங்க. அதே கையோட மண்டபத்து எலக்ட்ரீஷியன் நம்பரை வாங்கி, மேடை ஓரத்துல அந்த மூணு பாயிண்ட்டும் இருக்கான்னு அவர்கிட்டயே கேட்டுருங்க.