கண்ட்ரோல் டிரைவர் வாங்கும்போது எங்கே தவறுகிறோம்

பறக்கும் தட்டை எறிந்து கூடைக்குள் விழவைக்கும் ஆட்டம் டிஸ்க் கோல்ஃப். அதற்குப் புதிதாக வந்தவரின் பையைத் திறந்தால் கூடைக்கு அருகில் எறியும் புட்டர் ஒன்று இருக்கும், நடுத்தர தூரத்துக்கான மிட்ரேஞ்ச் ஒன்று இருக்கும், அப்புறம் நேராக ஸ்பீடு 12 அல்லது 13 என்று எழுதிய, நீண்ட தூரத்துக்கான டிரைவர் இருக்கும். நடுவில் ஒன்றும் இருக்காது. அந்த நடு இடத்துக்கு உரியதுதான் கண்ட்ரோல் டிரைவர். ஃபேர்வே டிரைவர் என்றும் சொல்வார்கள். ஏறக்குறைய ஸ்பீடு 6 முதல் 9 வரை உள்ளவை இந்த வகை. நான் ஆடுவது வட கரோலினாவில், சார்லட் பக்கத்துக் காட்டுக் கோர்ஸ்களில். மரங்களுக்கு நடுவே பத்தடி அகலத்தில் ஒரு வழி கிடைத்தாலே பெரிய விஷயம். இங்கே ஒரு சுற்றில் அதிகம் கையில் எடுப்பது இந்த டிஸ்க்கைத்தான். ஆனால் வாங்கும்போது குறைவாக யோசிப்பதும் இதற்குத்தான்.

டிஸ்க்கின் மேல் நான்கு எண்கள் இருக்கும்: ஸ்பீடு, கிளைடு, டர்ன், ஃபேட். இன்னோவா நிறுவனத்தின் முறை இது. மற்ற நிறுவனங்களும் பெரும்பாலும் இதையே பின்பற்றுகின்றன. இன்னோவாவின் டீபேர்டுக்கு 7, 5, 0, 2. கிளைடு என்பது காற்றில் மிதந்து நிற்கும் தன்மை. வலது கையால் பேக்ஹேண்ட் (புறங்கை முன்னால் வர) எறிபவருக்கு, டிஸ்க் வேகமாகப் போகும் முதல் பாதியில் வலப்பக்கம் சாய்வது டர்ன். மைனஸ் கூடக் கூட அந்தச் சாய்வு கூடும். வேகம் தணிந்ததும் கடைசியில் இடப்பக்கம் இறங்குவது ஃபேட். வலது கை ஃபோர்ஹேண்டுக்கும் (உள்ளங்கை முன்னால் வர எறிவது) இடது கை பேக்ஹேண்டுக்கும் இதை அப்படியே திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்.

எண்ணை டிஸ்க்கின் குணம் என்று நினைப்பது

முதல் தவறு இதுதான். மற்றவை பெரும்பாலும் இதிலிருந்தே வருகின்றன. ஸ்பீடு 12 என்றால் அந்த டிஸ்க் வேகமாகப் போகும் என்று பொருள் இல்லை. அது சரியாகப் பறக்க வேண்டுமானால் கை அவ்வளவு வேகமாக எறிய வேண்டும் என்று பொருள். நான்கு எண்களும் அந்த வேகத்தில் எறிந்தால்தான் உண்மை. வேகம் போதவில்லை என்றால் மீதி மூன்று எண்களும் மாறிவிடும்.

இன்னோவாவின் டிஸ்ட்ராயரைப் பாருங்கள்: 12, 5, -1, 3. நல்ல கைவேகம் உள்ளவர் எறிந்தால் முதலில் கொஞ்சம் வலப்பக்கம் நகர்ந்து, நீண்ட தூரம் போய், கடைசியில் இடப்பக்கம் திரும்பி இறங்கும். மிட்ரேஞ்சை 200 அடி எறிபவர் கையில் அந்த -1 வெளிப்படவே வெளிப்படாது. கையை விட்டதும் ஃபேட் மட்டும்தான் வேலை செய்யும். டிஸ்க் இடப்பக்கம் வளைந்து புதருக்குள் போகும். அதே கை இன்னோவாவின் இன்னொரு டிஸ்க்கான லெப்பர்டை எறிந்தால் (6, 5, -2, 1) அது நேராகப் போய், டிஸ்ட்ராயர் விழுந்த இடத்தைத் தாண்டியும் விழும். நான் முதலில் வாங்கிய டிரைவர் ஸ்பீடு 12. ஆறு மாதம் அதோடு மல்லுக்கட்டிவிட்டு, ஒருநாள் நண்பரின் லெப்பர்டை வாங்கி எறிந்து பார்த்தபோதுதான் இது புரிந்தது.

சரி, உங்கள் கைவேகம் எவ்வளவு என்று எப்படித் தெரிந்துகொள்வது? ரேடார் எல்லாம் வேண்டாம். அமெரிக்கன் ஃபுட்பால் மைதானம் ஒன்று பக்கத்தில் இருந்தால் போதும். கோல் கோட்டிலிருந்து கோல் கோட்டுக்குச் சரியாக 300 அடி. மிட்ரேஞ்சை எடுத்து ஐந்து முறை எறியுங்கள். மிகச் சிறந்த எறிதலைக் கணக்கில் சேர்க்காதீர்கள். எல்லாரும் தங்கள் தூரமாகச் சொல்லிக்கொள்வது அந்த ஒன்றைத்தான். மீதி நான்கின் சராசரிதான் உங்கள் தூரம். 200 அடிக்கும் குறைவு என்றால் டிரைவரே இப்போது அவசரம் இல்லை. வாங்கியே ஆக வேண்டுமென்றால் ஸ்பீடு 6 அல்லது 7, டர்ன் -2 உள்ளதாக வாங்குங்கள். 200 முதல் 275 அடி வரை என்றால் ஸ்பீடு 7. அதற்கு மேல் போகிறதென்றால் 9 பற்றி யோசிக்கலாம். இது என் அளவுகோல். சிலர் பத்து இருபது அடி கூட்டியோ குறைத்தோ சொல்வார்கள்.

தூரத்துக்கு வேகமான டிஸ்க்தான் வேண்டும் என்ற எண்ணத்தை விடமுடியாதவர்கள் 2021 உலக சாம்பியன்ஷிப்பை நினைத்துப் பார்க்கலாம். யூட்டா மாநிலத்தின் ஆக்டனில் கடைசிக் கூடை. ஆட்டக்காரர் ஜேம்ஸ் கான்ராட் 247 அடியிலிருந்து எறிந்தது நேராகக் கூடைக்குள் விழுந்தது. அதனால் இன்னொரு முன்னணி ஆட்டக்காரர் பால் மெக்பெத்தோடு சமன் செய்து, பிளேஆஃபில் வென்று பட்டமும் பெற்றார். அவர் கையில் இருந்தது என்வி என்ற புட்டர்.

“நேராகப் போகும் டிஸ்க் வேண்டும்” என்று கேட்பது

டர்ன் 0 என்று பார்த்ததும் ‘நேராகப் போகும்’ என்று எடுத்துக்கொள்கிறோம். டீபேர்டை 350 அடி எறிபவருக்கு அது சரி. அவர் கையில் அது கோடு போட்ட மாதிரி போய், கடைசியில் கொஞ்சம் இடப்பக்கம் இறங்கும். 230 அடி எறிபவருக்கு அதே டீபேர்டு பாதியிலேயே இடப்பக்கம் திரும்பத் தொடங்கிவிடும். அவருடைய நேரான டிஸ்க் லெப்பர்டுதான். ஆகவே கடையில் ‘எது நேராகப் போகும்’ என்று மட்டும் கேட்டால் சரியான பதில் கிடைக்காது. உங்கள் தூரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எல்லாத் தேவைக்கும் உதவும் டிஸ்க் என்று நான் சொல்வது, சொன்னபடி கேட்கும் டிஸ்க்கை. தட்டையாக விட்டால் நேராகப் போக வேண்டும். வெளி விளிம்பைத் தாழ்த்தி ஹைசராக விட்டால் அந்தக் கோணத்திலேயே வளைந்து போக வேண்டும். வெளி விளிம்பை உயர்த்தி அன்ஹைசராக விட்டால் வலப்பக்கம் போய், தரையில் உருண்டு ஓடாமல் கடைசியில் நிமிர்ந்து வர வேண்டும். இந்த மூன்றையும் செய்கிறதா என்று திறந்த வெளியில் ஒவ்வொன்றுக்கும் பத்து முறை எறிந்தால் தெரிந்துவிடும். ஃபயர்பேர்டு (9, 3, 0, 4) அருமையான டிஸ்க். ஆனால் எப்படி விட்டாலும் கடைசியில் இடப்பக்கம்தான் போகும். ரோட்ரன்னர் (9, 5, -4, 1) வேகமான கையில் வலப்பக்கம் புரண்டுவிடும். இரண்டுக்கும் பையில் இடம் உண்டு. முதல் கண்ட்ரோல் டிரைவராக மட்டும் இரண்டும் வேண்டாம். நடுத்தரக் கைக்கு லாட்டிடியூட் 64-இன் எக்ஸ்ப்ளோரர் (7, 5, 0, 2), டிஸ்க்ராஃப்டின் அண்டர்டேக்கர், டைனமிக் டிஸ்க்ஸின் எஸ்கேப் (இரண்டும் 9, 5, -1, 2) மாதிரியானவை ஒத்துவரும்.

டிஸ்க் மேல் பழியைப் போடுவது

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் பணம் வீணாவது இங்கேதான். எறிந்த டிஸ்க் மேலே ஏறுகிறது, ஒரு நொடி நிற்கிறது, பிறகு இடப்பக்கம் சரிந்து விழுகிறது. உடனே ‘இது ரொம்ப ஓவர்ஸ்டேபிள் (இடப்பக்கம் அதிகம் இறங்குவது), எனக்கு ஆகாது’ என்று இன்னொன்றை வாங்குகிறோம். அதுவும் ஏறி, நின்று, சரிகிறது. காரணம் டிஸ்க் இல்லை, மூக்கு. டிஸ்க்கின் முன் விளிம்பு கையை விடும்போது மேல்நோக்கி இருந்தால், அடிப்பக்கத்தில் காற்று மோதி, வேகத்தைத் தின்றுவிடும். வேகம் போனதும் ஃபேட் வந்துவிடும். எந்த டிஸ்க்காக இருந்தாலும் இப்படித்தான் நடக்கும்.

அடையாளம் இதுதான்: டிஸ்க் உயரம் ஏறி, பிறகு விழுந்தால் மூக்குதான் பிரச்சினை. தாழ்வாகப் பறந்துகொண்டே இடப்பக்கம் வளைந்தால் மட்டுமே டிஸ்க் உங்கள் கைக்கு அதிகம். மூக்கைச் சரிசெய்ய மணிக்கட்டைப் பாருங்கள். சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றும்போது மணிக்கட்டு முன்னால் சரியுமே, எறியும்போதும் அந்தச் சரிவு வேண்டும். இரண்டு வாரம் மிட்ரேஞ்சை வைத்து இதை மட்டும் பழகுங்கள். முன்பு வீண் என்று ஒதுக்கிய டிரைவரே நன்றாகப் பறக்கத் தொடங்கலாம். பலருக்கு அப்படி நடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பிளாஸ்டிக்கையும் எடையையும் பார்க்காமல் விடுவது

ஒரே டீபேர்டு டிஎக்ஸ், சாம்பியன், ஸ்டார் என்று பல பிளாஸ்டிக்கில் வரும். விலை மட்டும்தான் வித்தியாசம் என்று நினைக்காதீர்கள். டிஎக்ஸ் மலிவு, மென்மை, பிடி நன்றாக இருக்கும். ஆனால் மரத்தில் நாலு முறை மோதினால் விளிம்பு நசுங்கி, குணமே மாறத் தொடங்கும். அடிபட அடிபட டிஸ்க் அண்டர்ஸ்டேபிள் ஆகும், அதாவது வலப்பக்கம் சாய்வது கூடும். சாம்பியன் கடினம், பல வருடம் தாங்கும், பொதுவாக ஸ்டாரைவிடக் கொஞ்சம் அதிகமாக இடப்பக்கம் இறங்கும். குளிர்காலத்தில் விறைத்துப்போய்க் கையில் வழுக்கும். காட்டுக் கோர்ஸில் ஆடுபவருக்கு ஸ்டார் மாதிரி நடுத்தரமானதைத்தான் நான் சொல்வேன். விரிந்த புல்வெளிக் கோர்ஸில் ஆடுபவருக்கு டிஎக்ஸே போதும்.

ஒரே பிளாஸ்டிக்கிலும் ஒவ்வொரு வார்ப்புக்கும் வித்தியாசம் இருக்கும். டிஸ்க்கின் மேல்பக்க மேடு உயர்ந்ததாக இருந்தால் அதிகம் மிதக்கும். தட்டையாக இருந்தால் மிதப்பு குறைந்து சீக்கிரம் இறங்கும். கடைக்குப் போக முடிந்தால் நான்கைந்தை அடுக்கிவைத்துப் பக்கவாட்டில் பாருங்கள், கண்ணுக்கே தெரியும். அப்படியே விரல்களை விளிம்புக்குள் மடக்கிப் பிடித்துப் பாருங்கள். சிறிய கைக்கு 9 ஸ்பீடின் விளிம்பு அகலமாகத் தோன்றினால் 7-க்கு வந்துவிடுங்கள்.

எடை விஷயம் எளிது. தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கமான பிடிஜிஏவின் விதிப்படி விட்டத்தின் ஒவ்வொரு செ.மீ.க்கும் 8.3 கிராம்தான் அனுமதி. 21.1 செ.மீ. விட்டம் என்றால் உச்சம் கிட்டத்தட்ட 175 கிராம். எல்லாரும் அந்த 175-ஐயே தேடி வாங்குகிறார்கள். மெதுவான கைக்கு 165 கிராம் சுலபமாக வேகம் எடுக்கும், நேராகவும் போகும். காற்று பலமாக வீசும் இடத்தில் மட்டும் கனமானது நல்லது.

காற்றைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். எதிர்காற்றில் டிஸ்க்கின் மேல் படும் காற்றின் வேகம் கூடுகிறது, அதனால் கூடுதல் வேகத்தில் எறிந்த மாதிரி நடந்துகொள்ளும், டர்ன் அதிகமாகும். நாமோ எதிர்காற்று என்றதும் இன்னும் ஓங்கி எறிகிறோம், வலப்பக்கம் புரண்டு போகிறது. பின்காற்றில் நேர் எதிர்: மிதப்பு குறைந்து, இடப்பக்கம் சீக்கிரம் இறங்கும். காற்று ஓயாத ஏரிக்கரைக் கோர்ஸ் உங்களுடையது என்றால், -2 டர்னுக்குப் பதில் 0 அல்லது -1 எடுப்பது புத்திசாலித்தனம்.

பெரிய ஆட்டக்காரரின் பையைப் பார்த்து வாங்குவது

வீடியோவில் ஒரு தொழில்முறை ஆட்டக்காரர் எறியும் டிஸ்க் காட்டும் வளைவு, அவர் கை கொடுக்கும் வேகத்தின் வளைவு. அந்த வேகம் மணிக்கு 70 மைலுக்கு அருகில், பலருக்கு அதற்கும் மேல். அதே டிஸ்க் நம் கையில் வேறு டிஸ்க். தவிர, அவர்கள் எடுத்து ஆடுவது தங்களோடு ஒப்பந்தம் உள்ள நிறுவனத்தின் டிஸ்க்குகளை. மெக்பெத்தும் டிஸ்க்ராஃப்டும் 2021-இல் போட்ட ஒப்பந்தம் பத்து வருடத்துக்குப் பத்து மில்லியன் டாலர்.

அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு இருக்கிறது. 12 முறை உலகப் பட்டம் வென்ற கென் க்ளைமோவின் பெயரோடு டீபேர்டு வெளிவந்திருக்கிறது. அவருடைய பட்டங்களில் பெரும்பாலானவை 1990-களில் வந்தவை, இன்றைய ஸ்பீடு 12 டிஸ்க்குகள் அப்போது கிடையாது. ஒரே அச்சில் வார்த்த டிஸ்க்கை இரண்டு மூன்றாக வைத்துக்கொள்வது பழைய ஆட்டக்காரர்களின் வழக்கம்: புதிது ஒன்று, பாதி தேய்ந்தது ஒன்று, நன்றாக அடிபட்டது ஒன்று. புதியது காற்றுக்கும் இடப்பக்க வளைவுக்கும், பாதி தேய்ந்தது நேர்கோட்டுக்கும், அடிபட்டது வலப்பக்க வளைவுக்கும் ஆகும். பிடி ஒன்றே, விளிம்பு ஒன்றே, கை புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. நாம் ஐந்து நிறுவனத்தின் ஐந்து டிஸ்க்கை வாங்கி, ஐந்தும் ஒரே வேலையைச் செய்வதைப் பிறகு கண்டுபிடிக்கிறோம்.

அதனால் முதல் கண்ட்ரோல் டிரைவரைப் பழைய டிஸ்க் விற்கும் பெட்டியில் தேடுங்கள் என்பேன். கொஞ்சம் அடிபட்ட ஸ்பீடு 7, மெதுவான கைக்குப் புதியதைவிட நன்றாகப் பொருந்தும், விலையும் குறைவு. விளிம்பில் ஆழமான வெட்டு இல்லாமல், தட்டையான தரையில் வைத்தால் எல்லாப் பக்கமும் படிகிறதா என்று பார்த்து எடுங்கள். அடிப்பக்கத்தில் ஒரு பெயரும் தொலைபேசி எண்ணும் இருந்தால் வாங்குவதற்கு முன் அந்த எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள், தொலைத்தவர் இன்னும் அதைத் தேடிக்கொண்டிருக்கலாம்.